'இடையீடு' கேட்டுச் சிரித்த மண்டிக்காரர்களுக்கு

செவ்வாய்ப்பேட்டையில் தராசு பிடிக்கிற, மூட்டை தூக்குகிற, தரகு பேசுகிற, கணக்கு எழுதுகிற எல்லோருக்கும்,



போன ஆயுத பூசைக்கு நம் மண்டியில் சாமி படத்துக்கு முன்னால் தராசு, குத்தூசி, கோணி ஊசி, மூட்டைக் கொக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டதால் பேரேடு என்று வைத்தது பேருக்கு ஒரு புது நோட்டு. அதன் மேல் என் பையில் கிடந்த ஒரு கவிதைப் புத்தகத்தையும் வைத்தேன். பொரி கடலை பிரிக்கும்போது உங்களில் ஒருவர் அதை எடுத்துப் புரட்டி, கண்ணில் பட்ட கவிதையைச் சத்தமாக வாசித்தார். நல்ல குரல். மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த குரல். முடித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இதுல எதுகையும் இல்ல, மோனையும் இல்ல. என்ன சொல்ல வர்றாருன்னும் புரியல. இதையா பூசையில வெச்சீங்க?"

எல்லோரும் சிரித்தீர்கள். "டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னதற்கு நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டோம். மறுநாள் லோடு வந்துவிட்டது. லோடு இறங்கும்போது கவிதை பேச முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். இதை நம் மண்டிக்கு மட்டும் எழுதவில்லை. லீ பஜாரில் எந்தக் கடையில் இந்தக் காகிதம் கைக்குக் கிடைத்தாலும் படிக்கலாம்.

வாசித்த கவிதையின் பெயர் 'இடையீடு'. எழுதியவர் சி. மணி. இவர் சேலத்துக்காரர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பெருமை என்றால் மாம்பழம், வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, மாடர்ன் தியேட்டர்ஸ் என்று மூச்சு விடாமல் சொல்வோம். இந்த மனுஷன் பெயர் அந்தப் பட்டியலில் வந்து நான் கேட்டதில்லை. 1936இல் பிறந்தவர். சொந்தப் பெயர் பழனிசாமி. அரசுக் கல்லூரிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். 1968இல் இந்த ஊரிலிருந்து 'நடை' என்று ஒரு பத்திரிகை வந்ததே, அதற்கு உயிர் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அவர். மூன்று மாதத்துக்கு ஒன்று. எட்டு இதழோடு நின்றுபோனது. அந்த எட்டுக்குள்ளேயே ஞானக்கூத்தனின் ஆரம்பக் காலக் கவிதைகள் வந்தன. பின்னாளில் கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமி எழுதினார். தமிழில் புதிதாக எழுத வந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் விலாசம் சேலமாக இருந்திருக்கிறது. 2009இல் மணி காலமானார்.

கவிதை சின்னது. மனசுக்குள் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல வாயெடுக்கிறோம், வெளியே வந்து விழுவது வேறொன்றாக இருக்கிறது. அதுவும் எதிராளி காதில் போய்ச் சேரும்போது மூன்றாவதாக ஒன்று ஆகிவிடுகிறது. இந்த வழுக்கலைத்தான் பேசுகிறது. ஒப்பாரி கிடையாது, உபதேசம் கிடையாது. அலுப்போடு சொல்லிக்கொண்டே வந்து, முடியும் இடத்தில் ஒரு சின்ன நல்லதுக்கும் இடம் விடுகிறது. வரிகளை இங்கே எழுத மாட்டேன். புத்தகம் என் மேசையில் இருக்கிறது, எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

"என்ன சொல்ல வர்றாருன்னு புரியல" என்று அந்தத் தம்பி சொன்னது, பார்க்கப் போனால் அந்தக் கவிதைக்குள்ளேயே ஒரு வரியாக இருந்திருக்கலாம். சொன்னது போய்ச் சேராத சங்கடத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது நம்மிடம் போய்ச் சேரவில்லை. அவர் இருந்திருந்தால் நம்மைவிடப் பெரிதாகச் சிரித்திருப்பார்.

எனக்கு மட்டும் அது எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பீர்கள். அதற்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இதே பஜாரில் மூட்டை தூக்கியவர். தோளில் துண்டு, இடுப்பில் கொக்கி, காதில் அணைந்த பீடி. கடைசிக் காலத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாசலிலிருந்து அடுப்படிக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்பார். ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாள் கழித்து டாக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு டாக்டர். கையில் இருந்த பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே பேசினார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா. அவருக்குப் பிடிச்சதச் செஞ்சு குடுங்க. மாத்திரை இதே கண்டினியூ பண்ணுங்க."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணன் கார் பிடிக்க ஓடினான். நான் வழியில் இறங்கி, அப்பா தலைக்கு உயரமாக வைத்துப் படுக்க ஒரு புதுத் தலையணை வாங்கினேன். நீலப்பூ போட்ட உறை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். "டாக்டரே அனுப்பிட்டாரு, தேறிட்டாரு" என்று எல்லோருக்கும் போன் போட்டோம். நீங்கள் சிலர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "என்ன மாமா, மறுபடி கொக்கியத் தூக்குவோமா" என்று கேலி பேசிவிட்டுப் போனீர்கள். நினைவிருக்கும்.

அப்பா மட்டும் அன்றைக்கு ராத்திரி என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "சீட்டு இன்னும் எத்தன தவண பாக்கி? யாரு கட்டுவீங்க?" டாக்டர் சொன்னது என்ன என்று எங்கள் வீட்டில் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். நாங்கள் யாரும் அதைச் சொல்லவும் இல்லை, அவர் வராந்தாவில் இருக்கவும் இல்லை.

அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு எனக்கு அந்த டாக்டர் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. நேராகச் சொல்லியிருக்கலாம் இல்லையா? "இனிமேல் எங்களால் ஆவது ஒன்றுமில்லை" என்று எட்டணா பொறாத ஒரு வாக்கியம். அதைச் சொல்ல ஒரு படித்த மனுஷனுக்கு வாய் வராதா? சொல்லியிருந்தால் அப்பாவோடு உட்கார்ந்து வேறு விஷயம் பேசியிருப்போமே. வருஷக்கணக்காக இதை மனசில் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு புத்தகக் கண்காட்சியில், தங்கை மகள் அவள் பாடப் புத்தகம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நின்றபடியே 'இதுவரை' என்ற தொகுப்பைப் புரட்டினேன். சி. மணியின் கவிதைகள் மொத்தமும் உள்ள புத்தகம். 1996இல் க்ரியா போட்டது. 'இடையீடு' கண்ணில் பட்டது. படிக்கும்போது எனக்கு முன்னால் வந்து நின்றது அந்தப் பேனா மூடி. அவர் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டியது. அந்த மனுஷன் சொல்ல நினைத்தது வேறு. வாய் வரைக்கும் வந்திருக்கிறது. வெளியே விழும்போது "பிடிச்சதச் செஞ்சு குடுங்க" என்று விழுந்திருக்கிறது. அவருக்கும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது. வந்திருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. என் கோபம் எங்கே போனது என்று தெரியாமல் போய்விட்டது. புத்தகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

இது விளக்கவுரை இல்லை. தமிழாசிரியர் யாராவது இதைப் படித்தால், கவிதையில் டாக்டரும் இல்லை, அப்பாவும் இல்லை, நீ என்னத்தையோ கொண்டுபோய் அதில் ஏற்றுகிறாய் என்பார். ஏற்றட்டுமே. எழுதினவர் காலியாக இடம் விட்டிருக்கிறார், நான் என் சரக்கை வைக்கிறேன். கல்லூரியில் இப்படி வாசித்தால் மார்க் குறையும் போல. எனக்கு மார்க் போட யாரும் இல்லை என்பது ஒரு வசதி.

இப்போது மண்டிக்கு வருவோம். இந்தக் கவிதைக்கு உங்களைவிட நல்ல வாசகர்கள் கிடைக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கக் காரணம் இருக்கிறது. நம் பிழைப்பே வாய்வார்த்தை.

போன வருஷம் தை பிறந்து கொஞ்ச நாள் கழித்து நடந்த கதை தெரியுமல்லவா? வெளியூர் வியாபாரி ஒருவர் போனில் "போன தடவ மாதிரியே ஒரு லோடு அனுப்புங்க" என்றார். போன தடவை என்றால் நமக்கு அதற்கு முந்தின வாரம் போன உருண்டை வெல்லம், கருத்த சரக்கு. அவருக்குப் போன தடவை என்றால் பொங்கலுக்குப் போன அச்சு வெல்லம், மஞ்சளாக மினுங்குவது. இரண்டு பேரும் சொன்னது சத்தியம். இரண்டு பேரும் கேட்டதும் சரி. முப்பது கிலோச் சிப்பமாக அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டி அனுப்பிய லாரி அப்படியே திரும்பி வந்து மார்க்கெட் ஸ்டேஷன் பக்கம் நின்றது. வாடகை யார் தலையில் என்று இரண்டு நாள் பஞ்சாயத்து. பஞ்சாயத்திலும் அவரவர் "நான் தெளிவாத்தானே சொன்னேன்" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு சரக்கை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் வந்தது. அதுவாவது சரியாகப் போனதா? குடோனுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் ஒரு நிறம், வாசலில் வெயிலில் எடுத்தால் ஒரு நிறம். போனுக்குப் போன் நிறம் மாறுகிறது. அதிலும் வெல்லத்தின் நிறம் இப்போது பெரிய வம்பு. வெளுப்பாக இருந்தால்தான் விலை போகும் என்று காய்ச்சுகிற இடத்திலேயே மருந்து போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புக்காரர்கள் சோதனைக்கு வந்தால் அதே வெளுப்புதான் காட்டிக் கொடுக்கிறது. கடைக்கு வருகிற பெண்கள் "மருந்து போடாததா குடுங்க" என்று கேட்கிறார்கள். கருப்பாக எடுத்து வைத்தால் முகம் சுளிக்கிறார்கள். வாங்குகிறவர் என்ன கேட்கிறார் என்பது அவருக்கே தெளிவில்லாத சந்தையில் உட்கார்ந்திருக்கிறோம். சி. மணி எழுதியது உங்களுக்குப் புரியவில்லை என்றால் நான் நம்புவதாக இல்லை.

ஆனால் கவிதையை அப்படியே ஒத்துக்கொண்டு தலையாட்டவும் எனக்கு மனசில்லை. இதே பேட்டையில் எந்தக் காகிதமும் இல்லாமல் லட்சக்கணக்கில் சரக்கு கைமாறியிருக்கிறது. "சரி, எடுத்துக்கங்க" என்ற இரண்டு வார்த்தை. அதற்குப் பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த வார்த்தை நின்றிருக்கிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வார்த்தை கிடையாது. ஆயிரம் பிசகாமல் போய்ச் சேர்கிறது. எப்படி? தவறினால் இரண்டு பேருக்கும் நஷ்டம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கேட்கிறவனும் உயிரைக் கொடுத்துக் கேட்கிறான்.

கவிதையைப் படிக்கும்போது எனக்குச் சொல்கிறவனின் தவிப்புதான் கூடுதலாகக் கேட்கிறது. கேட்கிறவன் பக்கம் கொஞ்சம் இருட்டாக இருக்கிறது. வராந்தாவில் நின்றபோது எங்கள் காது சும்மா இருந்ததா? அது தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டது. "பிடிச்சதச் செஞ்சு குடுங்க" என்பதைவிட "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பது எங்களுக்குப் பெரிதாகக் கேட்டது. அப்பாவுக்கு வேறு காது. நாலு மாடி மூட்டை சுமந்தவர், எடை எவ்வளவு என்று தோளிலேயே தெரிந்துகொள்கிறவர். சி. மணி உயிரோடு இருந்திருந்தால் இதை ஒரு தபாலில் எழுதிக் கேட்டிருப்பேன்: "ஐயா, காது செய்கிற வேலையையும் எழுதுங்களேன்." ஒருவேளை அவர் பதிலை வேறு மாதிரி சொல்லிவிட்டாரோ என்னவோ. சொல்லுக்கு எட்டாததைப் பற்றியே பேசுகிற 'தாவோ தே ஜிங்' என்ற பழைய சீன நூலைப் பின்னாளில் அவர் தமிழில் கொண்டுவந்தார். சொல்லை நம்பாதவர் சொல்லோடேயே மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

எதுகை மோனை பற்றி ஒரு வார்த்தை. அது இல்லாததால் இது யாப்புத் தெரியாதவன் எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். 1975இல் 'யாப்பும் கவிதையும்' என்று ஒரு புத்தகம் வந்தது. ஆசிரியர் பெயர் செல்வம் என்று இருக்கும். அது சி. மணிதான். அசை, சீர், தளை எல்லாவற்றையும் உட்கார்ந்து எடை போட்டுப் பார்த்தவர். நம் பக்கத்துத் தெருப் பட்டறையில் வெள்ளிக்கு டச் பார்க்கிறவருக்கு எந்த இடத்தில் எவ்வளவு செம்பு சேர்க்கலாம் என்று தெரிகிற மாதிரி, எதை விட்டால் கவிதை தாங்கும் என்று தெரிந்து விட்டவர். மறுபடி வாசிக்கும்போது மேடைக் குரலைக் கொஞ்சம் இறக்கி, வரி உடைகிற இடத்தில் ஒரு நொடி நின்று பாருங்கள். ஓசை வேறு இடத்தில் இருக்கிறது.

இன்னொரு பயமும் நம் ஆட்களுக்கு உண்டு. இதெல்லாம் பேராசிரியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது, கோணி ஊசி பிடிக்கிற கைக்கு இதில் என்ன வேலை என்று. சி. மணி பேராசிரியர்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்றவர்களைப் பாருங்கள். பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக் கடை நடத்தியவர். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். இதற்கெல்லாம் பாதை போட்ட ந. பிச்சமூர்த்தி வக்கீலாக இருந்து, பிறகு கோயில் நிர்வாக அதிகாரியாகப் போனவர். அவர் 'பெட்டிக்கடை நாரணன்' என்றே ஒரு கவிதை எழுதியிருக்கிறார், நாயகன் கடைக்காரன். சீமையிலும் இதே கதைதான். டி. எஸ். எலியட் லாயிட்ஸ் வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1922இல் 'பாழ்நிலம்' எழுதினார். சி. மணியின் நீண்ட கவிதைகளில் அதன் சாயல் இருப்பதாகப் படித்தவர்கள் சொல்வார்கள். பகலில் கணக்கு, ராத்திரியில் கவிதை. எனக்கு அந்த விஷயம் பிடித்திருக்கிறது, காரணம் கேட்காதீர்கள்.

மூட்டை தூக்குகிற அண்ணன்களுக்குத் தனியாக ஒன்று. 1959இல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்துப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தவர் சி. சு. செல்லப்பா. தான் போட்ட புத்தகங்களை மூட்டையாகக் கட்டி, தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். 1962இல் அவர் கொண்டுவந்த 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பில் 24 பேர் எழுதிய 63 கவிதைகள். அதை வாங்கச் சொல்லி வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறார். கூலி கிடையாது. கைக்காசும் போனது. அந்தச் சுமையின் எடை உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து 'நரகம்'. இதுவும் சி. மணி எழுதியதுதான். 1962இல் 'எழுத்து'வில் வந்த நெடுங்கவிதை. புத்தகத்தில் அதைப் பார்த்துவிட்டு, "தலைப்பே சரியில்ல" என்று பூசை அன்று ஒருவர் தள்ளிவிட்டார். பட்டணத்துச் சாயங்காலத்தில் ஆசையைச் சுமந்துகொண்டு அலைகிற ஒரு வாலிபன். பழைய கட்டுப்பாட்டையும் உதற முடியவில்லை, புதுச் சுதந்திரமும் கைக்கு எட்டவில்லை. பார்ப்பது எல்லாம் வேண்டும்போல் இருக்கிறது, எதுவும் அவனுக்கு இல்லை. சங்கப் பாட்டின் வாடையும் தெருவின் வாடையும் மாறி மாறி அடிக்கும். ஆபாசம் என்று அன்றைக்கு முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு ஆபாசமாகப் படவில்லை. ஆடியில் வண்டி வேடிக்கை பார்க்க நிற்கிற கூட்டத்தில், வண்டியை விட்டுவிட்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிற பையன்களை நாம் பார்த்ததில்லையா? அவன்தான். ஊர் மட்டும் வேறு.

ஆனால் எனக்கு அந்தக் கவிதையோடு சண்டை இருக்கிறது. அதில் வருகிற பெண்கள் பார்க்கப்படுகிறவர்கள், அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நிற்கிறவள் என்ன நினைத்தாள், அவளுக்குக் கால் வலித்ததா, வீட்டுக்குப் போய் அரிசி களைய வேண்டுமா என்பது அந்த வாலிபனுக்குத் தெரியாது. எழுதினவரும் அவனைத் தாண்டி எட்டிப் பார்க்கவில்லை. இருபது வருஷம் சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றவளாகச் சொல்கிறேன், அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் நரகத்துக்கு வேறு பெயர் இருக்கும். அதை எழுதப் பெண்களே வரவேண்டியிருந்தது. நாற்பது வருஷம் போல ஆனது. சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி என்று ஒரு வரிசை வந்தது. அவர்களையும் இதே ஆபாசம் என்ற வார்த்தையால்தான் வரவேற்றார்கள், முன்னைவிடச் சத்தமாக. இதைச் சொல்வதால் 'நரகம்' படிக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. கோபம் வருகிற கவிதையைத்தான் நான் இரண்டாம் முறை எடுப்பேன். 'நல்லாருக்கு' என்று வைத்துவிட்டதை மறுபடி எடுத்த ஞாபகம் இல்லை.

எல்லாக் கவிதையும் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். 'இதுவரை'யில் எனக்குப் பிடிபடாத பக்கங்கள் பல இருக்கின்றன. சிலது வெறும் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. புதுக்கவிதை என்ற பெயரில் வருகிற எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்குவதும் என் வேலையில்லை. தினம் காலையில் குரூப்பில் ரோஜாப்பூ படத்தோடு வருகிறதே, வரியை ஒடித்து ஒடித்துப் போட்ட பொன்மொழி, அது புரிகிறது என்பதற்காக உங்களுக்குப் பிடித்திருக்கிறது. படித்து முடித்த பிறகு அதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் யோசித்துப் பாருங்கள். காலையில் வந்தது சாயங்காலம் ஞாபகம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன்.

புத்தகம் என் மேசை இழுப்பறையில், ஜிஎஸ்டி ஃபைலுக்குக் கீழே இருக்கிறது. கேட்காமலே எடுக்கலாம். வெல்லக் கையோடு எடுக்க வேண்டாம், எறும்பு வருகிறது. போட்டோ எடுத்துக் குரூப்பில் போடாதீர்கள். ஓரத்தில் வரி வெட்டுப்பட்டுப் போகும், பிறகு அதை வைத்து ஒரு பஞ்சாயத்து. எந்த வரியில் நின்றுவிட்டீர்களோ, எந்த வரி எரிச்சலாக இருக்கிறதோ, அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. பேனா கூடாது.

வருகிற சனிக்கிழமை கணக்கு முடித்து ஷட்டர் இறக்குவதற்கு முன், பூசையன்று வாசித்த அதே தம்பி 'இடையீடு' இன்னொரு தடவை வாசிக்கட்டும். அவரிடம் பேசிவிட்டேன், சம்மதித்திருக்கிறார். பக்கத்து ஜவ்வரிசிக் கடைக்காரர்கள், வெள்ளிப் பட்டறைப் பிள்ளைகள் யார் வந்தாலும் உட்கார மூட்டை இருக்கிறது. வாசித்து முடித்ததும், என் அப்பா கதையை எடுக்காமல், அவரவருக்கு நடந்ததைப் பேசுவோம். கவிதையையும் என்னையும் எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு டீ என் செலவு. ஒத்துக்கொள்கிறவர்கள் அவரவர் காசில் குடிக்க வேண்டியது.

இப்படிக்கு,
உங்கள் மண்டிக் கணக்கு அக்கா,
லீ பஜார், செவ்வாய்ப்பேட்டை, சேலம்.